ஏகாதிபத்தியத்துக்கு எதிரான மூன்றாவது தீர்மானம்

மேடைக்குப் புதிதாக வந்திருக்கும் தோழர்களே, உட்காருங்கள். போனைக் கவிழ்த்து வையுங்கள். உங்களில் பாதிப் பேர் அந்தப் போனைப் பார்த்துத்தான் உலக அரசியல் பேசுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தப்பில்லை. நாங்கள் பேப்பரைப் பார்த்துப் பேசினோம். இரண்டுக்கும் ஜனம் ஒரே மாதிரிதான் கொட்டாவி விடுகிறது.

குரலை எங்கே ஏற்றுவது, கையை எப்போது ஓங்குவது என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு சாயங்காலக் கதை. ஓய்வுபெற்றவனுக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தால் அரைமணி எடுப்பான். பொறுத்துக்கொள்ளுங்கள், ஒருநாள் உங்களுக்கும் இதே நிலைமைதான்.

ஏகாதிபத்தியத்தை எதிர்த்துப் பேசியே என் காலம் போயிற்று. குத்தாலத்தில் பஸ் ஏறினால் வலங்கைமான், திருத்துறைப்பூண்டி என்று டெல்டா முழுக்கச் சுற்றி வல்லரசுகளை எச்சரித்துவிட்டு வீடு திரும்புவேன். ஒரு வல்லரசும் திருந்தவில்லை. என் தொண்டைதான் கெட்டது.

எனக்குத் தொழில் பழக்கிய மூத்த பேச்சாளர் ஒருவர் இருந்தார். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொல்வார்: "திட்டணும்னா கடல் தாண்டித் திட்டுய்யா. அங்கேருந்து எவனும் கம்பெடுத்துக்கிட்டு வரமாட்டான். உள்ளூர்க்காரனத் திட்டினா, உன்னய பஸ் ஸ்டாண்டுல யாரு கொண்டாந்து விடுவா?" இதைவிட நல்ல யோசனையை இந்தத் தொழிலில் எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கூடுமானவரை கடல் தாண்டித்தான் திட்டினேன்.

அதிலும் எந்தக் கடல் என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒருமுறை நமக்குப் பிடித்த வல்லரசு ஒன்று பக்கத்து நாட்டுக்குள் டாங்கியோடு நுழைந்துவிட்டது. தலைமை நிலையத்திலிருந்து எனக்கு போன். "வரலாற்றுக் காரணங்களைப் பார்க்க வேண்டும், இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும்னு பேசுங்க தோழர்." பேசினேன். வலங்கைமான் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நுழைஞ்சவன் யாருங்க, நிதானமா இருக்க வேண்டியவன் யாருங்க?" என்று கேட்டார். நான் மைக்கில் தேநீர் இடைவேளை அறிவித்துவிட்டேன். அன்று தேநீரே ஏற்பாடு செய்யவில்லை.

நம் கூட்டங்களில் தீர்மானம் நிறைவேறுகிற அழகு உங்களுக்குத் தெரியும். ஒருவர் வாசிப்பார். முடிவில், "தோழர்கள் பலத்த கரவொலி எழுப்பி ஒருமனதாக நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்பார். அந்தக் 'கரவொலி' காதில் விழுந்த மாத்திரத்தில் எல்லோர் கையும் தட்டும். தூங்குகிறவர் கையும் தட்டும். தீர்மானம் என்னவென்று பிறகு பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். எதிர்த்து ஒரு கை உயர்ந்ததை நான் பார்த்ததே கிடையாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஊர். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடையில் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் எல்லோருக்கும் பாய்ந்து, மீதி இருந்தால் மட்டும் கடைசியாகப் போய்ச் சேர்கிற இடத்துக்குக் கடைமடை என்று பெயர். மார்கழி கடைசி. அந்த வருஷம் மழை சீக்கிரமே நின்றுவிட்டது. அதே சமயம் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வல்லரசு, ஒரு சின்ன நாட்டைச் சுற்றிக் கப்பல்களை நிறுத்தி, எண்ணெயும் மருந்தும் போகவிடாமல் மறித்துக்கொண்டிருந்தது. எந்த வல்லரசு என்று கேட்காதீர்கள். பெயரை மாற்றிக்கொண்டால் எந்த வருஷத்துக்கும் பொருந்தும். மாவட்டம் முழுக்கக் கண்டனக் கூட்டம் போடச் சொன்னார்கள். அந்த ஊருக்கு நான்.

கூட்டத்தை நடத்துகிறவர் நம் ஒன்றியச் செயலாளர். ஊரில் மில்காரர் என்றால்தான் தெரியும்; அரிசி மில் வைத்திருந்தார். ஏகாதிபத்திய எதிர்ப்பில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அந்நிய நாட்டுக் குளிர்பானம் அவர் வீட்டு வாசல்படி ஏறாது, பன்னீர் சோடாதான். மகன் மட்டும் அதே வல்லரசு நாட்டில் மென்பொருள் வேலையில் இருந்தான். கேட்டால், "உள்ளேருந்து பலவீனப்படுத்துறான் தோழர்" என்பார். அதுவரை அவரை நான் மாவட்ட மாநாடுகளில் பார்த்ததுதான். அவர் ஊருக்கு அன்றுதான் முதல்முறை போகிறேன்.

எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு ஒரு பழக்கம். மேடைக்கு நேராகப் போகமாட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் உட்கார்ந்து, ஊர்க்கதை ஒன்றைக் கறந்துகொண்டுதான் போவேன். கப்பல், முற்றுகை, பொருளாதாரத் தடை என்று எவ்வளவு நேரம் பேசினாலும் ஜனத்துக்கு ஏறாது. உள்ளூர் உதாரணம் ஒன்றைச் சேர்த்தால் உடனே ஏறும். இந்த வித்தையில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று கடைக்குப் பால் ஊற்ற ஒரு அம்மாள் வந்தார். ஆரோக்கியமேரி என்று டீக்கடைக்காரர் கூப்பிட்டதில் பெயர் தெரிந்தது. நாற்பது வயதிருக்கும். பாலை ஊற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஐயாதான் இன்னைக்குப் பேச வந்திருக்கீங்களா?"

"ஆமாம்மா."

"கப்பலைப் பத்தியா?"

"கப்பலைப் பத்தித்தான். அது இருக்கட்டும், உங்க ஊர்ல யாராச்சும் யாரையாச்சும் அமுக்கி வெச்சிருக்காங்களாம்மா?"

"ஊர்னா இல்லாமலாங்க?" என்று தூக்குவாளியைக் கீழே வைத்தார். "எங்க வாய்க்கால் தலப்புல, ஆத்துத் தண்ணி உள்ள நுழையிற எடத்துல, ஒருத்தர் மண்ணு மூட்டைய அடுக்கி அடைச்சு வெச்சிருக்காரு. வர்ற தண்ணியெல்லாம் என்ஜின் வெச்சு அவரு குட்டைக்கு எறைச்சுக்கிறாரு. குட்டையில மீன் வளக்கிறாரு. எனக்கு ஆறு மா, ரெண்டு ஏக்கரு நிலங்க. பயிரு பொதியில நிக்கிது, கதிரு இன்னும் வெளிய வரல. இந்த வாரம் ஒரு தண்ணி பாஞ்சாத்தான் நெல்லு பால் பிடிக்கும். இல்லேன்னா அம்புட்டும் பதருங்க."

"போன வருஷம்?"

"போன வருஷம் அறுக்கவே இல்ல. காஞ்ச பயிருல மாட்ட அவுத்து விட்டுட்டோம். இந்த வருஷமும் போச்சுன்னா நெலத்த வித்துட்டுத் திருப்பூருக்குப் போயிருவோம்கிறாரு வீட்டுக்காரரு. நான் மாட்டேன்னு நிக்கிறேன். இந்தப் பயிரு வந்தாத்தான் என் பேச்சு நிக்கும்."

"அந்த ஆளுகிட்ட கேட்டீங்களா?"

"கேக்காம? பாதுகாப்புக்குங்கறாரு. மூட்டைய எடுத்தா கரை ஒடைஞ்சு ஊரே முழுகிப்போயிருமாம். ரொம்பக் கேட்டா மாட்டுப் பொங்கலன்னிக்கு வீட்டுக்கு ஒரு கெண்டை மீன் குடுப்பாரு. அதையும் போட்டோ புடிச்சுப் போன்ல போட்டுருவாங்க."

எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது தோழர்களே. வழியை மறிப்பது, வளத்தை உறிஞ்சுவது, கேட்டால் பாதுகாப்பு என்பது, கடைசியில் மனிதாபிமான உதவி. மொத்த உலக அரசியலும் ஒரு வாய்க்காலுக்குள் கிடந்தது. இப்படி ஒரு உதாரணத்துக்காக நான் எத்தனையோ ஊரில் கசந்த டீ குடித்திருக்கிறேன்.

"யாரும்மா அந்தப் புண்ணியவான்?"

"பேரு எதுக்குங்க? நீங்க பேரு சொல்லாமப் பேசினாத்தான் கேக்க நல்லாருக்கும்."

டீக்கடைக்காரர் பலமாக இருமினார். பனிக்காலம், சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

நான்கு மணிக் கூட்டம். வெயில் சாய்ந்திருந்தது. பந்தல் நிறைய ஜனம், முக்கால்வாசி பெண்கள். மில்காரர் தலைமை. முன்னுரை பேசும்போதே அவருக்குக் குரல் கம்மிவிட்டது. "பச்சப்புள்ளைக்கு மருந்து போற வழிய மறிக்கிறானே, இவன்லாம் மனுஷனா தோழர்களே?" என்று துண்டால் கண்ணைத் துடைத்தார். அது நடிப்பில்லை. எந்த மேடையிலும் சத்தியம் செய்து சொல்வேன். அந்தக் குழந்தைகளுக்காக அந்த மனிதர் நிஜமாகவே அழுதார்.

பிறகு நான். முதல் இருபது நிமிஷம் கப்பலை ஓட்டினேன். ஜனம் கொசு அடித்துக்கொண்டிருந்தது. சரி, எடுப்போம் என்று எடுத்தேன்.

"தாய்மார்களே! வல்லரசு என்றால் என்ன? உங்கள் ஊரில் ஒரு வாய்க்கால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தலைப்பில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு மண்மூட்டையைப் போட்டு அடைக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்..."

கொசு அடிக்கிற சத்தம் நின்றது.

"எதற்கடா அடைத்தாய் என்று கேட்டால், உன் பாதுகாப்புக்குத்தான் என்பான். உன் பயிர் காயும். அவன் குட்டையில் மீன் துள்ளும்!"

கைத்தட்டல் என்றால் அப்படி ஒரு கைத்தட்டல். பின்வரிசையில் விசில். எனக்குத் தலைகால் புரியவில்லை. பேச்சாளனுக்கு விசிலைவிடப் பெரிய போதை ஒன்று இருக்கிறதா? மளமளவென்று இறங்கிவிட்டேன். என்ஜின் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினேன். கெண்டை மீனை நீட்டிக்கொண்டு போட்டோவுக்குச் சிரிக்கிற மாதிரி நடித்துக் காட்டினேன். அந்தச் சிரிப்போடேயே, தலைவர் ரசிக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

மில்காரர் கையில் பன்னீர் சோடா பாதியில் நின்றிருந்தது. முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் இருந்த கிளைச் செயலாளர் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். நேரமாகிவிட்டது என்கிறார் போலிருக்கிறது என்று நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்தக் குட்டையில கெண்டை மட்டுந்தானா, விராலும் உண்டான்னு தலைவரக் கேட்டுச் சொல்லுங்க!"

பந்தலே சிரித்தது. எல்லா முகமும் மில்காரர் பக்கம் திரும்பியது. டீக்கடைக்காரரின் சளி எனக்கு அந்த நொடியில்தான் விளங்கியது.

ஐயோ தோழர்களே, மாட்டிக்கொண்டேன். இந்த ஊரைச் சொல்லவில்லை என்று சொல்லலாம். சொன்னால் இந்த ஊரைத்தான் சொன்னேன் என்று ஊர்ஜிதமாகிவிடும். ஆமாம், இவரைத்தான் சொன்னேன் என்று பாயலாம். பாய்ந்தால் அவர் ஆட்கள் எழுவார்கள், நாற்காலி பறக்கும், போலீஸ் வரும், மூட்டை அங்கேயே இருக்கும். பேசாமல் கப்பலுக்கே திரும்பிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

மூன்றாவது வரிசையில் ஆரோக்கியமேரி உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சிரிக்கிறார்கள், அவர் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். அந்தப் பெண்ணின் ஆறு மா பயிர் என் அடுத்த வார்த்தையில் தொங்குகிறது என்று தெரிந்தது. பயமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் என் பேச்சை நம்பி ஒரு நெல்மணி கூட நின்றதில்லை.

குரலை உயர்த்தினேன். "இந்த அநியாயத்தை இந்த ஒன்றியத்தில் தட்டிக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்றால் அவர் யார்? கடல் தாண்டி இருக்கும் குழந்தைக்காகக் கண்ணீர் விட்ட நம் தலைவர்! எந்த வாய்க்காலில் எவன் அடைத்திருந்தாலும், நம் தலைவர் தலைமையில் இன்றைக்கே அதை அகற்றுவது என்று இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்து அமர்கிறேன்!"

உட்கார்ந்தேன். கிளைச் செயலாளர், மேடையில் யார் எதை முன்மொழிந்தாலும் குறித்துக்கொள்கிறவர், இதையும் குறித்துக்கொண்டார்.

மில்காரர் எழுந்தார். லேசுப்பட்ட ஆளில்லை.

"வெளியூர் தோழர் உணர்ச்சிவசப்பட்டுட்டாரு. அந்த வாய்க்கால் விஷயத்துல வரலாற்றுக் காரணங்கள் இருக்கு. எங்க தாத்தா காலத்துலேருந்து இருக்கு. அடைப்ப எடுக்கலாம், எடுக்க மாட்டேன்னா சொன்னேன்? ஆனா படிப்படியா எடுக்கணும். அதுக்கு முதல்ல ஒரு பேச்சுவார்த்தை, அதுக்கு ஒரு குழு. அதுவரைக்கும் இரு தரப்பும் நிதானமா இருக்கணும்." மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் விரலை நீட்டினார். "எங்க ஊர் விவகாரத்துல வெளியேருந்து வந்து தலையிடுறதுக்குப் பேருதான் தோழர்களே, ஏகாதிபத்தியம்!"

அதற்கும் கைத்தட்டினார்கள்! நான் அசந்துபோனேன். வலங்கைமானில் நான் பேசிய வாசகங்கள் அத்தனையும் திரும்பி வந்து என் கன்னத்திலேயே விழுந்தன. கண்மூடித் திறப்பதற்குள் வல்லரசு நானாகிவிட்டேன். மூட்டை இனி அசையாது என்று நினைத்தேன். ஆரோக்கியமேரி தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசியில் தீர்மானங்கள். கிளைச் செயலாளர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வழக்கமான ராகத்தில் ஆரம்பித்தார். ஒன்று, வல்லரசு தன் கப்பல்களை உடனே விலக்கிக்கொள்ள வேண்டும். கரவொலி. இரண்டு, உலக நாடுகள் வேடிக்கை பார்க்கக் கூடாது. கரவொலி. மூன்று, வாய்க்கால் தலைப்பில் உள்ள அடைப்பை நம் ஒன்றியச் செயலாளர் தலைமையில் இன்றே அகற்றுவது. இதையும் அதே ராகத்தில் வாசித்துவிட்டு, "பலத்த கரவொலி எழுப்பி ஒருமனதாக..." என்றார்.

மில்காரர் தட்டினார். ஆமாம், அவரேதான். வாழ்நாள் முழுக்க மேடையில் உட்கார்ந்து தட்டிய கை. அந்தச் சொல் கேட்டால் தட்டும்; உடையவரைக் கேட்காது. முகம் வேண்டாம் வேண்டாம் என்கிறது, கை பாட்டுக்குத் தட்டுகிறது. ஜனம் அதைப் பார்த்துவிட்டது. முதலில் சிரிப்பு, பிறகு ஆரவாரம். எழுந்த பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. பந்தலில் கட்டியிருந்த கொடிகளை அவிழ்த்துக்கொண்டு வாய்க்காலைப் பார்த்து நடந்தார்கள்.

உள்ளூர் நிருபர் ஒருவர் கேமராவோடு குறுக்கே வந்து, "தலைவரே, நீங்க முன்னால போனாத்தான் படம் நல்லாருக்கும்" என்றார். மில்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பார்வையிலேயே என்னைக் கழுவி ஊற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போனார். முதல் மூட்டையை அவர்தான் தூக்கினார். அவர் அடுக்கிய மூட்டையை அவரே எடுக்க, பெண்கள் மற்றதைப் பிடுங்கிப் போட, தண்ணீர் சளசளவென்று இறங்கியது. அவரும் சேர்ந்து முழக்கம் போட்டார்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. ஆதிக்கத்தை எதிர்த்து வாய்க்காலில் இறங்கிய ஒன்றியச் செயலாளர் என்று போட்டிருந்தது. தலைமை நிலையம் அவரைப் பாராட்டியது. கொஞ்ச நாளில் அவரே அதை நம்பிவிட்டார். இப்போதும் மேடையில் அந்தப் போராட்டத்தைச் சொல்லும்போது குரல் கம்முகிறது என்று கேள்வி. என்னை உலக அரசியலிலிருந்து எடுத்து இலக்கிய அணியில் போட்டார்கள். அங்கேயிருந்துதான் ஓய்வு பெற்றேன்.

அன்று சாயங்காலத்தில் ஒன்று மிச்சமிருக்கிறது. என்னை பஸ் ஏற்றிவிடுவதாகச் சொன்ன மில்காரர் கார் வரவேயில்லை. மூத்தவர் சொன்னது சரிதான் என்று தோள்பையை மாட்டிக்கொண்டு நடந்தேன். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது ஆரோக்கியமேரி வந்தார். முழங்கால் வரை சேறு.

"பாஞ்சிருச்சாம்மா?"

"பாயுதுங்க. வீட்டுக்காரரு மடையில நிக்கிறாரு. திருப்பூர்ப் பேச்சையே காணும்." கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும்தான்.

நான் கொஞ்சம் மார்பை நிமிர்த்திக்கொண்டேன். "நல்ல உதாரணம் குடுத்தீங்கம்மா."

"போன வருஷம் வந்தவருக்கும் இதேதாங்க குடுத்தேன். இதே டீக்கடையிலதான். அவரு தலையத் தலைய ஆட்டினாரு. மேடையேறிக் கப்பலப் பத்தியே பேசிட்டுப் போயிட்டாரு. அதுக்கு முந்தி வந்தவரும் அப்புடித்தான்."

நான் கதை கறந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் தோழர்களே. பால் ஊற்றுகிறவருக்கு யாரைக் கறக்க வேண்டும் என்று தெரியாதா? அந்தப் பெண் வருஷா வருஷம் ஒரு பேச்சாளனாகப் பிடித்துப் பார்த்திருக்கிறார். போன வருஷம் பயிரில் மாடு மேய்ந்தது, கப்பலை விட்டு இறங்க நம்மில் ஒருவருக்கு மனசு வராததால்தான்.

பஸ் விளக்கு தெரிந்தது. அவர் என் பையை எடுத்துக் கையில் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"மூட்டை திரும்ப வந்துருங்க, அவரு விடமாட்டாரு. இந்தப் போகம் எப்புடியோ தப்பிச்சிருச்சு. அடுத்த வருஷத்துக் கூட்டத்துக்கு யாருங்க வருவா?"

பஸ் ஏறிவிட்டேன்.

மூட்டை திரும்ப வந்துவிட்டது. மில்காரர்தான் இன்னமும் ஒன்றியச் செயலாளர். கடலிலும் ஏதோ ஒரு கப்பல் நிற்கிறது. வருகிற மார்கழியில் அங்கே கண்டனக் கூட்டம் போட்டிருக்கிறார்கள். பேச்சாளர் பெயரை நிரப்பாமல் வைத்திருக்கிறார்கள். டீக்கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. பால் மூன்று மணிக்கு வரும்.

சொல்லுங்கள், உங்களில் யார் போகிறீர்கள்?